அம்மா பேரில் இருந்த வயல்

என் வயதுக்காரர்களே, உங்களில் எத்தனை பேர் உங்கள் அம்மா கையெழுத்துப் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள்? நம் தலைமுறையில் பலருக்கு அம்மா என்றால் இடது கைப் பெருவிரலில் மையைத் தடவிக்கொண்டு நிற்கிறவள்தான். என் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். நான்தான் கற்றுக்கொடுத்தேன். அப்போது எனக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. அவளுக்கு மட்டுமில்லை, இன்னும் ஆறு பேருக்கும் கற்றுக்கொடுத்தேன். அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எத்தனையோ பிள்ளைகளின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைத்திருக்கிறேன். அந்த ஏழு பேருக்குச் சொல்லிக்கொடுத்ததை மட்டும் இதுவரை யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை.

எங்களுடையது ஆத்தங்குடிக்கு நடந்து போகிற தூரத்தில், ஒரு கண்மாயை நம்பிக் கிடந்த சின்ன ஊர். கண்மாய்க்குக் கீழே இருந்த நல்ல வயல் அத்தனையும் பெரிய வீட்டுக்குச் சொந்தம். அந்த வீட்டு ஐயா மதராஸில் இருந்தார். பொங்கலுக்கும் கல்யாணம் காட்சிக்கும் காரில் வந்துபோவார். நிலத்தைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய கணக்கப்பிள்ளை. வெயிலோ மழையோ, கையில் கறுப்புக் குடை இருக்கும். எப்போதும் வாயில் ஒரு கிராம்பைப் போட்டு மென்றுகொண்டிருப்பார். அவர் வருவதற்கு முன்னால் கிராம்பு வாசம் வந்துவிடும்.

என் அப்பா மாதா கோயிலில் மணி அடித்து, விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிற கோயில்பிள்ளையாக இருந்தவர். நான் மூன்றாவது படிக்கும்போது காய்ச்சலில் செத்துப்போனார். சாமியார் எங்களைக் காலி செய்யச் சொல்லவில்லை. கோயிலுக்குப் பின்னால், கோயில் இடத்தில் இருந்த குடிசையிலேயே நானும் அம்மாவும் இருந்தோம். அம்மா பெரிய வீட்டு வயலில் கூலிக்கு நட்டாள், களை எடுத்தாள், அறுத்தாள். அவளுடைய அண்ணன், என் மாமாவும் அங்கேதான் உழவு ஓட்டினார். மாமா குரலை உயர்த்தினால் கண்மாயின் அந்தக் கரையில் மாடு திரும்பிப் பார்க்கும் என்பார்கள்.

ஆடி மாதம் ஒரு நாள் கணக்கப்பிள்ளை எங்கள் குடிசை வாசலுக்கே வந்தார். அம்மா பதறி எழுந்து முந்தானையை இழுத்துச் சொருகினாள்.

"ஒன் மக நல்லா எழுதுமாம்ல?" என்றார். என் கையில் ஒரு புது சிலேட்டையும், திறக்காத ஒரு பெட்டி சாக்பீசையும் கொடுத்தார். ஒரு பெட்டி முழுக்க! எங்கள் வாத்தியார் மேசையில்கூட உடைந்த துண்டுகள்தான் கிடக்கும். நான் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன்.

விஷயத்தை அவர் அம்மாவிடம் நின்றபடியே சொன்னார். ஒரு குடும்பம் இவ்வளவுக்கு மேல் நிலம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் வந்திருக்கிறது. மிச்சத்தைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளும். அதனால் ஐயா தன்னிடம் வேலை செய்கிற ஏழு பேர் பெயரில் வயல்களை எழுதிவைத்திருக்கிறார். அம்மா பெயரிலும் ஒரு வயல் இருக்கிறது.

"எம் பேருலயாய்யா?" என்றாள் அம்மா.

"பேருக்குத்தான். புரட்டாசியில அதிகாரி விசாரணைக்கு வாராரு. கேட்டா, 'எந்நெலந்தான், நாந்தான் பாடுபடுறேன்'னு சொல்லணும். சொந்தக்காரி மாதிரி கையெழுத்துப் போடணும். கைநாட்டு வச்சா சந்தேகப்படுவாக. ஒம் மக ஏழு பேருக்கும் சொல்லிக்குடுக்கட்டும்."

முன்பு எப்போதோ கூலிச் சீட்டு என்று சொல்லி அவர் விரல் ரேகை வாங்கியது அம்மாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மறுநாளிலிருந்து, வேலை முடிந்து பொழுது சாய்வதற்குள், களத்தில் என் பள்ளிக்கூடம் நடந்தது. மாமா, அம்மா, பெரிய வீட்டு வண்டிக்காரர், கண்மாய் மடையைத் திறந்து தண்ணீர் பாய்ச்சுகிற மடைக்காரர், அண்ணன் தம்பி இரண்டு பேர், பெரிய வீட்டில் நெல் அவிக்கிற அம்மா ஒருவர். ஏழு பேரும் செம்மண்ணைத் தட்டிச் சமமாக்கி, குச்சியால் எழுதிப் பழகினார்கள். வண்டிக்காரர் தார்க்குச்சியைப் பிடிக்கிற மாதிரியே சாக்பீசைப் பிடிப்பார், அது உடையும். "அடியாத்தி, வாத்தியாரம்மா அடிக்கப் போறாக" என்று எல்லோரும் சிரிப்பார்கள். நான் உண்மையாகவே அடித்தேன். மாமாவின் முழங்கையில், ஒரு வேப்பங்குச்சியால். அவர் கையை நீட்டிக் காட்டிச் சிரித்தார். வைக்கோல் தூசியும் வியர்வையும் சாக்பீஸ் பொடியும் கலந்த அந்த வாசம், அந்தச் சிரிப்போடு சேர்ந்தே எனக்கு ஞாபகம் வருகிறது.

அம்மாவுக்குப் பெயரின் முதல் எழுத்துச் சுழி வரவே இல்லை. பதினைந்து நாள் ஆயிற்று. ஒரு நாள் சாயங்காலம் அது சட்டென்று வந்துவிட்டது. மண்ணில் எழுதியதை அவள் வெகு நேரம் பார்த்தாள். பிறகு என்னைக் கேட்காமல் மடைக்காரரைக் கேட்டாள்.

"அண்ணே, எம் பேருல இருக்குற வயலு எங்குட்டு இருக்கு?"

அவருக்கு ஒவ்வொரு சர்வே கல்லும் தெரியும். எழுந்து முன்னால் நடந்தார். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். "இந்தக் கல்லுலேருந்து அந்த ஒத்தப் பனை வரைக்கும் ஒன்னுது. அங்குட்டு ஒங்கண்ணனுது. அதுக்குக் கீழ என்னுது" என்று காட்டினார். அம்மா பல வருடம் களை எடுத்த வயல்தான் அது. இருந்தும் புதிதாகப் பார்ப்பவள் மாதிரி வரப்பைச் சுற்றி வந்தாள். பனை மூட்டில் எலி வளை ஒன்று இருந்தது. குனிந்து, காலால் மண்ணைத் தள்ளி அதை அடைத்தாள். கூலி வேலைக்குப் போகிறவள் செய்கிற வேலை இல்லை அது.

அன்றிலிருந்து எல்லோரும் மாறிப்போனார்கள். மாமா 'தன்' வயலில் ஏர் ஓட்டும்போது மூலை முடுக்கெல்லாம் விட்டுவிடாமல் உழுதார். வண்டிக்காரர் வயலுக்கு எருக்குப்பை அடிக்கையில் கடைசி வண்டியைத் தன் பங்கில் கொட்டினார். பொய் சொல்வதற்காகக் கற்றுக்கொண்டது, அதுவே அவர்களுக்கு ஆசையைக் கொண்டுவந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் களத்தில் பேச்சு வெடித்தது.

"நம்ம பேருலதான இருக்கு. நம்மளுதுன்னு சொல்லிப்புட்டு நாமளே வச்சுக்கிட்டா என்ன?" என்றார் வண்டிக்காரர்.

"பத்திரம் பூராம் அவுக பொட்டியில இருக்குய்யா" என்றார் மாமா. "விசாரண முடிஞ்ச மறுநாளு, நாம வித்துட்டதா இன்னொரு தாள நீட்டுவாக. நீ என்ன செய்வ? நான் சொல்றதக் கேளு. ஏழு பேரும் சேந்து போவோம். 'இது எங்க நெலம் இல்ல, நாங்க கூலிக்காரவுக'ன்னு உள்ளத உள்ளபடி சொல்லுவோம். சர்க்காரு எடுத்து நெலமில்லாதவுகளுக்குத்தான் குடுக்கும். இந்த ஊருல நம்மளவிட நெலமில்லாதவுக ஆரு?"

"ஒருத்தரு பின்வாங்குனாலும் போச்சே" என்றார் நெல் அவிக்கிற அம்மா.

"அதுக்குத்தான சொல்றேன், ஏழு பேரும்னு."

மடைக்காரர் நெடுநேரம் தரையைக் கிளறிக்கொண்டிருந்தார். கடைசியில் சரி என்று தலையாட்டினார். மாமா என் சிலேட்டை வாங்கி, "இதுல ஏழு பேரும் கையெழுத்துப் போடுங்க" என்றார். சின்ன சிலேட்டு. ஒருவர் எழுத்தின் மேல் இன்னொருவர் எழுத்து ஏறியது. தம்பிக்காரர் தன் பெயரை ஓரத்தில் செங்குத்தாக எழுதினார். அதை அழியாமல் துணியில் சுற்றி எங்கள் தகரப்பெட்டியில் வைத்தேன்.

விசாரணைக்கு முந்தின நாள் கணக்கப்பிள்ளை மறுபடியும் எங்கள் வாசலுக்கு வந்தார். அவருக்கு ஏதோ வாடை தட்டியிருந்தது. ஆனால் அம்மாவிடம் கோபமாகப் பேசவில்லை.

"ஒம் மக கெட்டிக்காரி. மதுரையில கன்னியாஸ்திரிக பள்ளிக்கூடம் இருக்கு. தங்கிப் படிக்கலாம். ஐயா ஒரு லெட்டர் குடுத்தா எடம் கெடைக்கும். நாளைக்கு நல்லபடியா முடியட்டும்" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் படவில்லை. மதுரையை நான் பார்த்ததே இல்லை.

எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் விசாரணை. எங்களுக்கு லீவு. பெஞ்சுகளை ஓரம் தள்ளி, நடுவில் வாத்தியார் மேசையைப் போட்டிருந்தார்கள். ஏழு பேரும் ஒன்றாக வாசலை நெருங்கியபோது பியூன் கையை நீட்டி மறித்தான். "ஒவ்வொருத்தரா. பேர் கூப்பிட்டா மட்டும்."

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. மாமா, "எல்லாருக்கும் ஒரே பேச்சுத்தான், ஒண்ணா வந்து சொல்லிட்டுப் போறோம்" என்றார். பியூன் கேட்கவில்லை. முதலில் கூப்பிட்டது மாமாவின் பெயரைத்தான்.

உள்ளே போனவர் சீக்கிரமே வெளியே வந்துவிட்டார். வலது கை விரலில் பேனா மை ஒட்டியிருந்தது. எங்கள் பக்கம் திரும்பாமல் ஊருணியைப் பார்த்து நடந்தார்.

"அண்ணே" என்று கூப்பிட்டாள் அம்மா. அவர் நிற்கவில்லை.

அடுத்து வண்டிக்காரர். அடுத்து மடைக்காரர். வெளியே வந்த ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையில் போனார்கள். நெல் அவிக்கிற அம்மா மட்டும் எங்களைக் கடக்கும்போது வாயில் சேலையை வைத்து அழுத்திக்கொண்டு போனார். கடைசியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் வேப்பமரத்தடியில் நின்றோம். அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். பெயர் கூப்பிட்டதும் என்னையும் இழுத்துக்கொண்டே உள்ளே போனாள்.

அதிகாரி நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார். "இந்த நெலம் உங்களுதாம்மா?" பக்கத்து நாற்காலியில் கணக்கப்பிள்ளை. கிராம்பு வாசம்.

"இல்லைங்கய்யா" என்றாள் அம்மா.

அதிகாரி அப்போதுதான் தலையைத் தூக்கினார்.

"அது பெரிய வீட்டு நெலம். நான் அதுல கூலிக்கு நடுறவ. எம் பேருல எழுதுனது எனக்கே இந்த ஆடியிலதான் தெரியும்."

"பயத்துல ஒளறுது" என்று கணக்கப்பிள்ளை சிரித்தார்.

"மத்த ஆறு பேரும் அவங்க நெலம்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்காங்களே. அப்ப அவங்க சொன்னது பொய்யா?" என்றார் அதிகாரி.

அம்மா என் கையை நசுக்கினாள். வலித்தது.

"அவுகளப் பத்தி எனக்குத் தெரியாதுய்யா. என்னையத்தான எனக்குத் தெரியும்."

எழுதி முடித்த தாளை அவர் திருப்பி வைத்தார். அம்மா கையெழுத்துப் போட்டாள். சுழி சரியாக வந்தது. காகிதத்தில் அவள் பேனா பிடித்து எழுதியதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்ததும் தகரப்பெட்டியைத் திறந்து சிலேட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். "தண்ணி தொட்டு அழிச்சிரு. நீ பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகணும்ல." நான் மாட்டேன் என்றேன். அவளே அழித்தாள். நான் அழுதது அந்தப் பெயர்களுக்காக இல்லை, மதுரைக்காக. "நீ மட்டும் ஏன் சொன்ன? மாமாவே சொல்லல, நீ மட்டும் ஏன்?" என்று கத்தினேன். அவள் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

மாமாவைக் கோழை என்றே நான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவைத் தைரியசாலி என்றும், பிடிவாதக்காரி என்றும், என் படிப்பைக் கெடுத்தவள் என்றும் கோபத்துக்குத் தகுந்தபடி நினைத்தேன். விசாரணைக்கு முந்தின நாள் கணக்கப்பிள்ளை மற்ற ஆறு வீட்டுக்கும் போய், "வீடு இருக்குற மனை ஆருதுன்னு யோசிச்சுக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது. ஆறு குடிசையும் பெரிய வீட்டு இடத்தில் நின்றன. எங்கள் குடிசை கோயில் இடத்தில். எங்களை மிரட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால்தான் அவர் மதுரையைக் கொண்டுவந்தார். இது எனக்குப் புரியும்போது எனக்கே பேரன் பிறந்திருந்தான். அம்மாவுக்கு அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும். அவள் ஒரு நாளும் மாமாவைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அம்மாவின் பெயரில் இருந்த வயல் மட்டும் உபரி நிலம் என்று சர்க்கார் கைக்குப் போய், உழுவாரில்லாமல் தரிசாகக் கிடந்தது. மற்ற ஆறு பேரும் மறு வருடமே ஆத்தங்குடிச் சாலையில் நின்ற காரில் பத்திர ஆபீசுக்குக் கொண்டுபோகப்பட்டு, நிலத்தை விற்றுவிட்டதாக அதே கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்தார்கள். நான் சொல்லிக்கொடுத்த கையெழுத்து. அம்மாவை வயலில் இறக்கக் கூடாது என்று பெரிய வீட்டு உத்தரவு. அவள் ஆத்தங்குடிக்கு நடந்துபோய், தரைக்குப் போடுகிற பூக்கல் செய்கிற பட்டறையில் மணல் சலித்தாள். சிமெண்ட் தின்று விரல் இடுக்கெல்லாம் வெடித்தது. சாயங்காலம் வந்ததும் தேங்காயெண்ணெயை விளக்கில் சுட வைத்து நான் தடவி விடுவேன். மாமா எங்கள் பக்கம் வரவில்லை. அத்தை கோயிலில் பார்த்தாலும் முக்காட்டை இழுத்துக்கொள்வாள்.

எனக்குப் பதின்மூன்று வயதானபோது, அந்தத் தரிசு வயலை நிலமில்லாதவர்களுக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்தது. நான்தான் மனு எழுதினேன். ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் தாலுகா ஆபீசுக்குப் போனோம். குமாஸ்தா நல்ல மனிதர்தான். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, கட்டைப் பிரித்துப் பொறுமையாகப் பார்த்தார்.

"உங்க பேர் பட்டியல்ல வராதும்மா."

"ஏன்யா?"

"உங்க பேருல முந்தி நெலம் இருந்திருக்கு. இங்க பதிவாகியிருக்கு. நெலம் வச்சிருந்தவங்களை நெலமில்லாதவங்கன்னு எழுத முடியாது."

எனக்குத் தாங்கவில்லை. "அது எங்க நெலம் இல்லைன்னு எங்கம்மாதான சார் சொன்னாக! சொல்லிக் கையெழுத்துப் போட்டாகளே!"

"அது வேற ஃபைலு, பாப்பா" என்றார்.

அம்மா என் தோளைத் தொட்டு எழுப்பினாள். ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஏனோ சாலை வழியாகப் போகாமல் வயல் வழியாக நடந்தாள்.

அந்த ஆறு வயலிலும் நடவு நடந்துகொண்டிருந்தது. சேற்று வாசம். மாமா நாற்றுக்கட்டுகளை விசிறி எறிந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் கை நின்றது. வரிசையில் குனிந்திருந்த அத்தை நிமிர்ந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கேட்காமலே தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

"எறங்குத்தா" என்றாள். "எம் பக்கத்துல நில்லு."

அம்மா சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்கினாள். அத்தை தன் கையிலிருந்த நாற்றில் பாதியைக் கொடுத்தாள். வெடித்த விரல்களோடு அம்மா நட்டாள். மூன்று வருடம் நடாத கை என்று யாரும் சொல்ல முடியாது. தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

பத்து நிமிஷம் இருக்கும். வரப்பில் குடை வந்தது.

"அவள ஆரு எறக்குனது? ஏய், ஏறு வெளியே."

அம்மா கையிலிருந்த நாற்றைக் கவனமாகச் சேற்றில் செருகி வைத்துவிட்டு வரப்பில் ஏறினாள். உடனே அத்தையும் ஏறினாள். அடுத்து நெல் அவிக்கிற அம்மா. அடுத்து மடைக்காரர். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் ஏறி வரப்பில் நின்றார்கள். கடைசியாக மாமா. சேறு வழிகிற காலோடு ஆறு பேரும் அம்மாவோடு நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். யாரும் கணக்கப்பிள்ளையிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு அப்போது ஒன்றும் மிச்சம் இல்லை.

"நாளைக்குள்ள நடவு முடியலைன்னா ஒரு குடிசையும் நிக்காது" என்று சொல்லிவிட்டுக் கணக்கப்பிள்ளை போனார்.

அன்று யாரும் இறங்கவில்லை. மறுநாள் விடிந்ததும் மாமா எங்கள் வாசலில் வந்து நின்றார். மூன்று வருடத்தில் முதல் தடவை. உள்ளே வராமல், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீ சொல்லுத்தா. எறங்க வேணாம்னா எறங்கல. குடிசையப் பிரிச்சா பிரிக்கட்டும். எல்லாரும் அதத்தான் சொல்றாக."

அம்மா ஆத்தங்குடிக்குக் கிளம்பத் தூக்குவாளியில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். எழுந்து வெளியே வந்து வானத்தைப் பார்த்தாள்.

"பறிச்ச நாத்து இன்னும் எத்தன நாள் தாங்கும்ணே?"

"இன்னைக்குத் தாங்கும். நாளைக்குத் தாங்காது."

"அப்பப் போயி நடுங்க. நாத்து என்ன செஞ்சுச்சு நம்மள."

மாமா நிலைக்கட்டையில் நெற்றியை வைத்து அழுதார். அவ்வளவு பெரிய குரல் இருந்த மனுஷன், சத்தமே இல்லாமல் அழுதார். நாற்றுக்காகச் சொன்னாளா, ஆறு குடிசைக்காகச் சொன்னாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவர் போனார். எல்லோரும் போனார்கள். அந்தச் சாயங்காலத்துக்குள் நடவு முடிந்தது.

அம்மா வேலை முடிந்து வந்து, கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். கையில் சோற்றை எடுத்தவள் அப்படியே வைத்திருந்தாள்.

"நட்டு முடிச்சிட்டாகளா?"

"முடிச்சிட்டாக."

"கோவத்துல எட்ட எட்ட நட்டிருக்கப் போறாக. நெருக்கி நட்டிருக்காகளான்னு பாத்தியா?"

நான் அந்தப் பக்கமே போகவில்லை. போகப் பிடிக்கவில்லை.

"நெருக்கித்தாம்மா நட்டிருக்காக" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவள் சோற்றை வாயில் வைத்தாள்.